எரியும் குவளைகள்

செல்லியம்மாள் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் போலத்தான் கடைக்குள் நுழைந்தாள்.

அவள் ஊரான கச்சிராயபாளையத்தில் இல்லாத ஜெராக்ஸா? அதற்காகவா கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுவார்கள்?

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்கள், அதற்கு முன்பே பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம். தெரிந்தும் தெரியாதது போல் இருப்பது பெண்ணின் வழக்கம்.

வாட்ஸ்அப்பில் வந்த மாப்பிள்ளை படத்தின் ஓரத்தில் நின்ற அதே முகம். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த செவ்வந்தி குனிந்துகொண்டாள்.

இந்த இடம் அமைய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மாப்பிள்ளை இளவரசனோடு ஒரே ஒரு முறை போனில் பேசியிருக்கிறாள். அவன் சிரித்தபோது தானும் சிரித்துக்கொண்டிருந்தது, போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

அந்த நினைப்பில் திரையை அணைக்க மறந்துவிட்டாள்.

திரையில் முழுப்பக்கப் படம். கோட்டு போட்ட மீசைக்காரர் ஒருவர், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நெருப்பை நீளமாக ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு இது, டீ மாஸ்டரா? டீ இன்னாத்துக்கு எரியுது?"

வெளிநாட்டு நூலகம் ஒன்று, மது கலக்கக் கற்றுத்தரும் நூறு வருடப் பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றுகிறது. பக்கங்களின் கறை நீக்கிச் சரிபார்ப்பது செவ்வந்தியின் வேலை. இந்த ஊரின் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் விஷச் சாராயத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதனால் அவள் அம்மா தரகரிடம் சொல்லி வைத்தது, பழைய சமையல் புத்தகம் என்று.

அதையே சொல்லியிருக்கலாம்.

ஆனால் அந்த மீசையின் மேலிருந்த கறையை அவள்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். அவரைச் சமையல்காரராக்க ஏனோ மனம் வரவில்லை.

"டீ இல்லீங்க. சரக்கு. வெள்ளக்காரங்க அந்தக் காலத்துல எப்டிக் கலந்தாங்கன்னு போட்டிருக்கற புக்கு."

செல்லியம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். போய்விடுவாள் என்று செவ்வந்தி நினைத்தாள்.

அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இத பாக்கறதுக்குக் காசு கட்டணுமா?"

"இல்லீங்க. நெட்டுல ஏத்திட்டா சும்மாவே பாக்கலாம். ஊரு ஒலகமே பாக்கலாம்."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. தன் கல்யாணத்தைத் தானே நிறுத்திக்கொண்டதோடு, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறாள்.

செல்லியம்மாள் தன் போனை நீட்டினாள்.

"அப்ப அத இதுலேர்ந்து எம் மவனுக்கு அனுப்பு. மேலதான் இருக்குது பாரு, இளவரசன்னு."

ஒளிந்து பார்க்க வந்தவள் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டாள். செவ்வந்திக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"சென்னையில ஓட்டல்ல மேனேஜருன்னு உங்க வூட்ல சொல்லியிருக்கோம்." செல்லியம்மாளின் குரல் இறங்கியது. "பாருல சரக்கு கலக்கறதுதான் வேல. அவனும் இப்டித்தான் நெருப்ப ஊத்திக்கினு வீடியோ அனுப்பறான். ஒரு பொண்ணுகிட்ட இத எப்டிச் சொல்றது, கேட்டா எழுந்து ஓடிடுவாளான்னு பாக்கத்தான் வந்தேன்."

செவ்வந்தி அந்தப் போனாலேயே திரையைப் படமெடுத்து அனுப்பினாள்.

"நீ ஓடல," என்றாள் செல்லியம்மாள். "உன் எடத்துல நானா இருந்தா ஓடியிருப்பேன் கண்ணு."