சேர்க்கச் சொல்லிக் கேட்டவர்

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசி தம்பி," என்றார் இலட்சுமிப்பிள்ளை.

ஆழ்வாப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, பந்திச் சாப்பாடும் முடிந்திருந்தது. வேலணையில் அவரின் வீட்டு முற்றத்துப் பந்தலுக்குள் இருபது பேர்வரை இருந்தார்கள்.

குலசிங்கம் எழுந்தான். இருபத்திரண்டு வயது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். செத்தவரின் ஒரே மகன். கையில் ஒட்டின உறை.

ஆழ்வாப்பிள்ளை பதினெட்டு வருசம் கொழும்புப் பக்கத்தில் ஒரு மனநோய் ஆசுப்பத்திரியில் இருந்தவர். அங்கேயே செத்தும் போனார். தந்தி வந்து சேர முதல் எரித்துவிட்டார்கள்.

அவரை அங்கே விட்டது மனைவி இராசமணி. இதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. அவளே சொன்னதுதான்.

"நான்தான் கொண்டுபோய் விட்டனான். வீட்டில வைச்சிருக்க ஏலாது."

ஏன் ஏலாது என்று கேட்டால் பேசாமல் இருந்துவிடுவாள்.

நல்லாயிருந்த மனுசனைக் காணிக்காகப் பைத்தியம் ஆக்கினவள் என்று புருசனின் தமக்கை இலட்சுமிப்பிள்ளை சொன்னார். ஊர் நம்பியது. கோயிலில் இராசமணிக்குப் பக்கத்தில் ஒருத்தரும் நிற்பதில்லை. நல்லது கெட்டதுக்கு அவளுக்குச் சொல்வதில்லை. பத்து வயதில் குலசிங்கமும் நம்பினான். புத்தகப் பையோடு அந்த மாமி வீட்டுக்குப் போனவன் பிறகு தாயோடு பேசவில்லை. அவள் தனியே தோட்டம் செய்து, மாமி கையில் அவன் படிப்புக்குக் கொடுத்தனுப்பினாள்.

போன கிழமை தகப்பனின் உடுப்புகளை எடுக்க ஆசுப்பத்திரிக்குப் போனவன், பழைய பதிவுகள் வைத்திருப்பவரைக் கெஞ்சி, தகப்பனைச் சேர்த்த நாள் எழுதிய தாளின் பிரதி ஒன்றும் வாங்கினான். தாயின் முகத்துக்கு முன்னால்தான் பிரிப்பது என்று அப்படியே கொண்டுவந்திருந்தான்.

உறையைக் கிழித்தான்.

இராசமணி அடுப்படியை விட்டுக் குசினி வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, அதை வாசிக்க வேண்டாம்."

"பயம் முதலே இருந்திருக்க வேணும்," என்றான் அவளைப் பாராமல்.

தாள் இங்கிலீசில் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு, பங்குனி. நோயாளியின் பெயர். வயது முப்பத்திமூண்டு. ஊர் வேலணை.

"சேர்க்கச் சொல்லிக் கேட்டவர்..."

நிறுத்திவிட்டான்.

"சொல்லன். அவளின்ர பேர்தானே?" என்றார் மாமி.

"ஐயான்ர பேர் போட்டிருக்கு."

பிழையாக எழுதியிருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சிவபாதம் மாஸ்டர் எழுந்து வந்து தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். பிழை இல்லை, நோயாளி தானாகவே வந்து தன்னைச் சேர்க்கும்படி கேட்டதாகத்தான் இருக்கிறது என்றார். கீழே, ஆழ்வாப்பிள்ளை சொன்னதை டொக்டர் எழுதி வைத்திருந்தார். குசினி வாசலில் இராசமணி நிலத்தில் குந்திவிட்டாள்.

மாஸ்டர் அதைத் தமிழாக்கி, மெல்ல மெல்ல வாசித்தார்.

"என்ர காதுக்குள்ள ஒரு குரல் கேக்குது. பிள்ளையைக் கொல்லு எண்டு சொல்லுது. ரண்டு தரம் அவன்ர கழுத்தில கை வைச்சிட்டன். என்ர மனுசிதான் இழுத்து எடுத்தவள். இனி நான் வீட்டில இருக்க ஏலாது."

குலசிங்கத்தின் கை அவனை அறியாமல் கழுத்துக்குப் போனது. இலட்சுமிப்பிள்ளை எதுவோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் கையைக் காட்டி மறித்துவிட்டு, கடைசி வரிகளை வாசித்தார்.

"பிள்ளைக்கு இது ஒருநாளும் தெரியக் கூடாது. ஆர் கேட்டாலும், தான்தான் என்னைக் கொண்டுவந்து விட்டதெண்டு சொல்லச் சொல்லி மனுசியிட்டச் சத்தியம் வாங்கியிருக்கிறன்."