கருகும் ஆயில்

டிப்பர் லாரியின் கியர் ஆயிலை வடித்து மோந்து பார்த்த மெக்கானிக் எத்திராஜுக்கு மூக்கே கருகிவிடும்போல் இருந்தது.

“இன்னா சிவா, மூணு மாசத்துல ரெண்டாவது தபா மாத்துறேன். இந்த ஆயில்ல வண்டி ஓட்டுனியா, வடை சுட்டியா?”

“கருகாத ஆயிலா பார்த்து ஊத்துப்பா.”

“எதை ஊத்துனாலும் இதே கதிதான். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கியர்ல போட்டு, பிரேக்கை மிதிச்சிக்கினே நிக்கிற, ஆயிலு சூடேறிக் கருகுது. அப்படி எங்கதான் நிக்கிற?”

“மானாம்பதில. பொண்ணு வூட்டுக்கு எதிர்ல.”

எத்திராஜின் கிண்டல் நின்றது. காதலித்துக் கட்டிக்கொண்டு போன மகளிடம், ‘செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்று ஊரறியச் சத்தியம் செய்தவர் சிவக்குமார்.

“நியூட்ரல்ல போட்டுட்டு நில்லேன், சிவா.”

“நியூட்ரல்ல போட்டா, எறங்கிப் போயி கதவைத் தட்டிடுவேன், எத்திராஜு.”