மணல் ஏறக் கூடாது

இருட்டின கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஓர் இரைச்சல், சமையலறை ஜன்னலுக்கு வெளியே.

பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பாக ஒரு விளக்கும் பச்சையாக ஒரு விளக்கும் அந்தரத்தில் நின்றன. நடுவில் ஒரு கண்ணாடிக் கண், அவளையே பார்த்தபடி.

கேமரா.

திரையை இழுத்து மூடினாள். சத்தம் நகர்ந்து படுக்கையறை ஜன்னலுக்குப் போனது. அங்கேயும் மூடினாள். ஹால் பக்கம் வந்தது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பாப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வெளியூர் வேலைக்குப் போனவர், கை வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. மாடியில் குடியிருக்கும் போட்டோகிராபர்தான். கடற்கரையில் கல்யாண ஜோடிகளை ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறவன். கல்யாணமாகாத பையன், கையில் பறக்கிற கேமரா, அவனிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதே என்று கணவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாடிப்படியில் அவன் எதிரே வந்தால்கூட அவள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள்.

வெளியே இரைச்சல் திடீரென்று கரகரத்தது. மிக்ஸியில் கல் மாட்டின மாதிரி. அப்புறம் பொத்தென்று ஏதோ விழுந்தது.

பக்கத்துப் போர்ஷனிலிருந்து வீட்டுக்காரம்மா டார்ச்சோடு ஓடி வந்தாள். அந்தக் குரல் கேட்ட தைரியத்தில் இவளும் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். துணி காயப்போடும் கொடிக்கு அடியில், கடல் காற்று கொண்டுவந்து குவித்த மணலில், அது மல்லாந்து கிடந்தது.

வீட்டுக்காரம்மா போட்ட கூச்சலில் போட்டோகிராபர் பனியனோடு இறங்கி வந்தான். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். கைக்குழந்தையோடு ஒரு பொண்ணு தனியா இருக்கிற வீட்டில் எட்டிப் பார்க்கிறியே, உன்னைப் பெத்தவங்க இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்களா, நாளைக்கே பெட்டியைக் கட்டு என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

தன்னுடைய ட்ரோன் மேலே பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்றான். யாரும் நகரவில்லை. குனிந்து, கிடந்ததன் இறக்கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினான். நறநறவென்றது.

"இது என்னோடது இல்லக்கா. வெறும் மணல்ல வெச்சுக் கிளப்பியிருக்காங்க. நான் பாய் விரிக்காம கிளப்பவே மாட்டேன். இறக்கும்போது கையிலதான் பிடிப்பேன். துளி மணல் உள்ள போனாலும் மோட்டார் அவ்வளவுதான்."

"ரெண்டு வெச்சிருப்பே," என்றாள் வீட்டுக்காரம்மா. "பிழைப்புக்கு ஒண்ணு, பொறுக்கித்தனத்துக்கு ஒண்ணு."

அவன் அதைப் புரட்டினான். மணல் ஏறக் கூடாது என்று இதை விட்டவனும் ஏதோ செய்துதான் பார்த்திருக்கிறான், காலுக்கு என்னவோ மாட்டி உயரம் கொடுத்திருக்கிறான் என்று காட்டினான்.

டார்ச் வெளிச்சம் கிட்டே போனது. நாலு காலிலும், பஞ்சு அடைத்த நாலு குட்டி சாக்ஸ். மஞ்சள் கம்பளி.

பாப்பா வயிற்றில் இருந்தபோது அவள் தன் கையால் பின்னியவை.

"கொடியில காயற குழந்தைத் துணியைக்கூட விட்டு வைக்கலையா நீ?" என்று வீட்டுக்காரம்மா அவன் முகத்தில் வெளிச்சத்தை அடித்தாள்.

"எங்கம்மா சத்தியமா நான் தொடலக்கா."

பாப்பாவின் துணியையுமா? அவள் கை தானாக எழுந்தது. அவன் கன்னத்தில் விழுந்த பிறகுதான் தான் அடித்துவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போன் அடித்தது. கணவர். அழுகை பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார், "பக்கத்துல யாரு? அவனா?"

எல்லாரும் இருக்காங்க, பயமா இருக்கு, உடனே வாங்க என்று திக்கித் திக்கிச் சொன்னாள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, வந்துகொண்டே இருக்கிறேன், தெருமுனைக்கு வந்துவிட்டேன் என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"நான் வர்ற வரைக்கும் அவன் அதைத் தொடக் கூடாது. நீயே ஒரு துணியை விரிச்சு அது மேல தூக்கி வை. மணல்லயே கிடந்தா உள்ள ஏறிடும்."

எது கிடந்தால் என்று அவள் கேட்கவில்லை. ஒன்று வந்தது என்றோ, விழுந்தது என்றோ, அவள் இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்த சாக்ஸ் பாப்பாவுக்குச் சின்னதாகிப் போய் மாசக் கணக்காகிறது. கொடியில் காயவில்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்தது.

கையிலிருந்த போன் நழுவியது. போட்டோகிராபர்தான் குனிந்து எடுத்து, மணலைத் தட்டி, அவளிடம் நீட்டினான்.

"மன்னிச்சிடுங்க," என்றாள். போனை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

என்னம்மா, என்னாச்சு, யாரு பேசினது என்று வீட்டுக்காரம்மா பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தாள். வாசல் கேட் கிறீச்சிட்டது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த செருப்புச் சத்தம், வேகவேகமாக.

அவள் பாப்பாவோடு உள்ளே ஓடினாள். உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்த தாழ்ப்பாளை உள்ளங்கையால் அடித்து அடித்து நகர்த்தி, தன் கணவர் படியேறுவதற்குள், உள்ளேயிருந்து போட்டுவிட்டாள்.