பூதத்தின் கீழ்த்தாடை

சுவாதி பூதத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் பாதத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

பாகலூர் பஸ் ஸ்டாப்பில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற கூட்டம் நின்றது. கம்பெனி பஸ் வந்துவிட்டால் அவள் ஏறிப் போய்விடுவாள். அதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு உண்மையைப் பிடுங்கிவிட வேண்டும்.

சிவராஜ் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி காவியா. டீக்கடைக்குப் போனாலும் இப்போதெல்லாம் கூடவே வந்துவிடுகிறாள்.

குழாய் ஓட்டை அடைக்கிற எம்-சீலைப் பிசைந்து பிசைந்து அவன் கையாலேயே செய்த பூதம் அது. ஒரு சாண் உயரம், மூன்று கொம்பு, சரிந்த தொந்தி. கம்பெனியில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமை மூடியபோது அவன் வேலை போயிற்று. கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

திங்கட்கிழமை இதைப் பெங்களூரில் ஒரு பொம்மைக் கம்பெனிக்காரரிடம் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் அச்சுப் போட்டுக் கடை கடையாக அனுப்புவார். குழந்தை இதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், பயந்துகொண்டே கையில் எடுக்கவும் வேண்டும். அவர் கேட்பது அதுதான்.

எங்கேயோ உதைக்கிறது. எங்கே என்றுதான் சிவராஜுக்குப் பிடிபடவில்லை. பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போயிருந்தது.

தப்பு என்னவென்று பெங்களூர் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. இங்கேயே யாராவது சொல்லிவிட வேண்டும்.

அவன் கேட்காத ஆள் இல்லை. பாகலூர்க்காரர்கள் மூன்று மொழி பேசுகிறவர்கள். நல்லாருக்கு என்றார்கள், சென்னாகிதே என்றார்கள், பாகுந்தி என்றார்கள். மூன்றிலும் ஒரே பொய்.

மைத்துனன் பெரியதம்பி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே சாம்பாரைக் குறை சொல்கிறவன். அவனும் பூதத்தைக் கையில் வாங்கியதும் சூப்பர் மாமா என்றான். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் காவியாவைப் பார்த்தான்.

எதிர்வீட்டுக் குழந்தை ஒன்றுதான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தது. அதன் அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளி, அங்கிளுக்கு சூப்பர் சொல்லு என்றாள். குழந்தை அழுதுகொண்டே சூப்பர் சொன்னது.

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று இருந்தது அவனுக்கு.

மிச்சம் இருந்தவள் சுவாதி. அவன் வேலை பார்த்த கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். அவன் செய்து அனுப்பிய பீஸ்களில் பாதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒரு முறை மயிரிழைப் பிசிருக்காக இரண்டு பேரும் கேன்டீனில் கத்திக்கொண்டதில், தட்டில் வாங்கிய சோறு ஆறிப்போய்விட்டது.

இவளும் சூப்பர் என்றால் அவ்வளவுதான். இனி கேட்க ஆள் இல்லை.

சுவாதி பூதத்தை நிமிர்த்தினாள். கொம்பைத் தடவினாள். வெயிலில் சாய்த்துப் பிடித்து முகத்தைப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது.

சிவராஜுக்கு உயிர் வந்தது.

அப்போது அவள் தலையைத் தூக்கி, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அவன் திரும்பவில்லை. காவியா என்ன செய்துகொண்டிருப்பாள் என்று திரும்பாமலே தெரியும். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பாள். ஊர் முழுக்க அவனுக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லி வைத்தவள் அவள்தான். அவள்மேல் கோபப்படவும் அவனுக்கு வாயில்லை.

சுவாதியின் புருவம் தளர்ந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

அந்தச் சிரிப்பு அவனுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து எல்லார் முகத்திலும் அதைத்தான் பார்க்கிறான்.

முதல் பூதத்தை மாசி மாதம் கொண்டுபோனபோது, இதை எந்தக் குழந்தையும் தொடாது என்று அந்தப் பொம்மைக் கம்பெனிக்காரர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேறு செய்தால் கொண்டுவாருங்கள் என்று அவர் சேர்த்துச் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம், தக்காளித் தோட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்றுகூட யாரும் அவனிடம் சொல்வதில்லை.

கம்பெனி பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது.

சுவாதி யூனிபார்ம் பாக்கெட்டிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தாள். மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, பூதத்தின் கீழ்த்தாடையைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டாள்.

பின்னால் காவியா ஐயோ என்றது அவனுக்குக் கேட்டது.

“வாய் தப்புண்ணா. சிரிக்குதா கடிக்க வருதான்னே தெரியல, அதான் பாக்கவே ஒரு மாதிரியா இருக்குது. தாடைய ஒடச்சிட்டு மறுபடி பண்ணுங்க. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு, வீட்டுக்கு எடுத்துனு வாங்க, பாக்கறேன்.”

பூதத்தை அவன் கையில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

சிவராஜ் வட்டத்துக்குள் பார்த்தான். வாய்தான். சந்தேகமே இல்லை, வாய்தான்.

கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. படியில் நின்றவளைப் பார்த்து, பஸ்ஸோடு கூடவே ஓடிக்கொண்டு கத்தினான்.

“காலையிலயா, மத்தியானமா?”