இரவல் டிரில்

"என்னங்க, டிரில் சுத்த மாட்டேங்குது!"

மனைவி சொன்னதும் பரிசோதகர் துள்ளி எழுந்தார். கணவனும் மனைவியுமாக நடத்தும் சின்ன ஆய்வுக்கூடம் அது. மேசைமேல், லேசரால் பதப்படுத்திய உலோகத் தகடு ஒன்று காத்துக்கிடந்தது. வெளியே பார்த்தால் சமர்த்து. உள்ளே இறுக்கமாக இருக்கிறதா, பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறதா என்பது, மேலே அசைவை அளக்கும் ஓர் உணரியை ஒட்டி நடுவில் கடுகளவு துளை போட்டால்தான் தெரியும். நாலு மணிக்குள் அறிக்கை போகாவிட்டால், தொழிற்சாலை இந்த வருடத்து வேலை முழுவதையும் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடும்.

மணி இரண்டரை.

"மாடியில பல் டாக்டரம்மாகிட்ட இருக்கிறதும் இதே மாதிரி காத்துல சுத்துற டிரில்தானே? இரவல் கேளுங்களேன்."

"அங்கயா?" வீங்கிய வலது கன்னத்தை அவர் கையால் மூடிக்கொண்டார். "வேற வழியே இல்லையா?"

"ஏன், ராத்திரியெல்லாம் முனகுற பல்லு ஞாபகம் வந்துடுச்சோ?"

"எனக்கென்ன பயம்!" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றாள். இவர் வாயெடுப்பதற்குள், "டிரில்தானே அண்ணா? தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா முதல்ல இந்த நாற்காலியில உட்காரணும்" என்றாள்.

"பல்லு நல்லாத்தாம்மா இருக்கு. வெளிய ஒரு கீறல்கூடக் கிடையாது."

"உங்க தகடும் வெளிய நல்லாத்தானே இருக்கு? அதுக்கு எதுக்கு ஓட்டை போடுறீங்க?"

மனுஷன் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். வருடத்து வேலையை நினைத்தார். பலியாடு மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

டாக்டரம்மா போனில் ஏதோ தட்டிவிட்டு, ஊசியை எடுத்தாள்.

"ஐயோ, ஊசியா!"

"தினம் ஓட்டை போடுற ஆள் இப்படி நடுங்கலாமா?"

"நான் போடுற ஓட்டைக்கு இரும்பு கத்தாதும்மா!"

முக்கால் மணி கழித்து, பாதி முகம் மரத்துப்போய், இரவல் டிரிலை வெற்றிக் கோப்பை போல ஏந்திக்கொண்டு இறங்கினார். சும்மா சொல்லக் கூடாது, பல் வலி போன இடம் தெரியவில்லை.

உள்ளே நுழைந்தால், ஆய்வுக்கூடத்து டிரில் 'ஙொய்' என்று சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க மேல போன கையோட அதுவா சரியாயிடுச்சுங்க. துளையும் போட்டாச்சு, தகடும் பாஸ். அறிக்கை அடிச்சிட்டு வரேன்" என்றபடி மனைவி அடுத்த அறைக்கு நழுவினாள்.

"அழுவா எழ்ழி..." என்று, 'அதுவா எப்படி?' கேட்கப் போன அவருடைய உதடு குழறியது. அப்போதுதான், மேசைமேல் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன போன் கண்ணில் பட்டது. முக்கால் மணி முன்னால் டாக்டரம்மாவிடமிருந்து வந்த செய்தி அதில் திறந்தே கிடந்தது:

"ஆள் நாற்காலியில சாய்ஞ்சாச்சு அண்ணி. இனிமே நீங்க கழட்டி வெச்ச காத்துக் குழாயை மாட்டிக்கலாம்!"