மெத்தை சாத்திய அறையில் ஒரு வரி

மூன்று மணி நேரமாக மின்விசிறி ஓடவில்லை. அதன் இரைச்சல் பதிவில் விழும். சுவரெங்கும் மெத்தைகளைச் சாத்தியிருக்கிறார்கள். உலகமெல்லாம் போய்ச் சேர்ந்த நற்செய்தி, எழுத்தே இல்லாத இந்த மொழியில் இன்றுதான் முதன்முதலாகக் குரல் பெறுகிறது. நரைத்த மனிதர் ஒவ்வொரு வரியாக மெல்லச் சொல்ல, படிக்கத் தெரியாத ஒரு பெண் அதை மைக்கில் திருப்பிச் சொல்கிறாள். தம்மைக் கொல்கிறவர்களை மன்னிக்கும்படி சிலுவையில் இயேசு வேண்டும் இடம் வருகிறது. நரைத்தவரின் உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. மறுபடி முயல்கிறார். வியர்வை தாடையில் வழிகிறது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் மக்கர் பண்றீங்க," என்கிறார் ஒலிப்பதிவாளர்.

"சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்?" என்கிறாள் அவள்.

அவர் தலை நிமிரவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்புகிறாள்.

"குடிச்சிட்டு லாரி ஓட்டி என் புருஷனைக் கொன்னவர் இவர்தான். நான் மன்னிச்சு ஆறு வருஷமாச்சு. இவராலதான் அதை இன்னும் நம்ப முடியல."