பிள்ளையார் சுழி போட்ட உறை

அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று என்று எண்ணி முடித்தபோது மேசையில் ஒரே ஒரு தபால் உறை மிஞ்சியிருந்தது. சிக்கல் என்று ஒதுக்கி வைத்த உறை. அதன் மூலையில் ஒரு பிள்ளையார் சுழி.

அது என்னுடையது.

சிட்னியில், டூங்கபி மண்டபத்தில், எங்கள் இலங்கைத் தமிழர் சங்கத்தின் தலைவர் தேர்தல். பதவியில் இருப்பவர் என் கணவர் சிறிதரன். எதிர்த்து நிற்பவர் மகேந்திரராஜா. நாட்டுக்கே பிரதமரைத் தெரிவு செய்வதுபோல இரண்டு பேரும் கோட்டும் டையுமாக வந்திருந்தார்கள்.

இந்த முறைதான் முதன்முதலாகத் தபால் வாக்கு. அதைக் கேட்ட நாளிலிருந்து என் கணவருக்கு நித்திரை இல்லை. தபால் வாக்கில் என்னென்ன மோசடி செய்யலாம் என்று யூடியூப்பில் பார்த்துப் பார்த்து, சாப்பிடும்போது எனக்கு வகுப்பு எடுத்தார். நாட்டுத் தேர்தலில் வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு, ஒவ்வொரு முறையும் தபாலில் வாக்குப் போடுகிற மனுசன். சங்கத்துக்கு மட்டும் அது கூடாதாம்.

கடைசியில் விதிமுறைகளை அவரே எழுதினார். பதினான்கு விதிகள். ஒன்பதாவது: உறையின் மேல் பெயரும் கையெழுத்தும் தவிர வேறு எந்த அடையாளம் இருந்தாலும் வாக்குச் செல்லாது. கள்ளர்கள் அடையாளம் வைத்துத்தான் வேலை செய்வார்களாம்.

அந்த விதிகளைத் தட்டச்சு செய்து தொண்ணூறு வீடுகளுக்கு அனுப்பியவள் நான். ஆனால் காகிதத்தைக் கண்டால் முதலில் சுழி போட்டுப் பழகிய கை. அது விதியை வாசிக்கவில்லை.

இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் ஒருவரையும் நம்பாததால், எண்ணுவதற்குப் பக்கத்து ஊரான நார்த்மீட்டிலிருந்து செந்தில்நாதனைப் பிடித்து வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர். எங்களுடைய சண்டைகளில் எது எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியாது. அதுதான் தகுதி.

"ஒன்பதாம் விதிப்படி இது செல்லாது" என்றார் மகேந்திரராஜா. விதிகளை முழுதாக வாசித்த ஒரே மனிதர்.

என் கணவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்ப பிள்ளையாரைக் கள்ளன் எண்டு சொல்லுறியளோ?"

முன்வரிசையில் இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கத்தில் பதவி புருசனுக்கு, வேலை பெண்சாதிக்கு. அவர் தலைவராகி ஆறு வருடம். கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் நின்று வேலை செய்துவிட்டு, பொங்கல், வாணிவிழா, விளையாட்டுப் போட்டி என்று இருநூறு பேருக்கு மண்டபக் குசினியில் சமைப்பேன். அவர் மேடையில் பொன்னாடை வாங்குவார். இன்றைக்கும் வாக்கெடுப்பு நேரத்தில் வடை சுட வேண்டும் என்றுதான் நான் தபாலில் போட்டேன்.

மகேந்திரராஜாவுக்குப் போட்டேன். சந்தோசமாகப் போட்டேன்.

இப்போது அந்த மகேந்திரராஜா, தன்னைத் தலைவராக்கப்போகிற உறையைக் குப்பையில் போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறார். என் கணவரோ தன்னை வீட்டுக்கு அனுப்பப்போகிற உறைக்காகப் பிள்ளையாரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். இதைவிட நேர்மையான தேர்தலை யார் நடத்தியிருக்கிறார்கள்?

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம்தான் உறைத்தது. மிச்சம் ஒரே ஒரு உறை. திறந்தால், நான் யாருக்குப் போட்டேன் என்று சிட்னி முழுக்கத் தெரியும். ரகசிய வாக்காம், மண்ணாங்கட்டி.

"செல்லாட்டி விடுங்கோவன்" என்றேன்.

"நீர் பேசாமல் இரும், சிவாஜினி. உம்மட உரிமையை நான் விட்டுக்குடுக்க மாட்டன்."

ஆறு வருடத்தில் என் உரிமை அவருக்கு ஞாபகம் வந்த முதல் நாள்.

அரைமணி நேரம் இழுபட்டது. கடைசியில் மகேந்திரராஜா, சரி திறவுங்கோ என்று விட்டுக்கொடுத்தார். பிள்ளையாரோடு மோதிவிட்டு அடுத்த தேர்தலில் ஒருவரிடமும் வாக்குக் கேட்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

செந்தில்நாதன் உறையைக் கிழித்தார். தாளை விரித்தார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு ரோசமும் வந்தது. தெரியட்டும். கலியாணம் கட்டின இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளாவது இந்த மனுசனுக்குத் தெரியட்டும். தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"சிறிதரன் சார்" என்று வாசித்தார் செந்தில்நாதன்.

தாளை நாலாக மடித்து, என் கணவரின் வாக்குக் கட்டுக்குள் செருகி, ரப்பர் வளையத்தைப் போட்டார். காட்டுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மகேந்திரராஜாகூடக் கேட்கவில்லை. பெண்சாதி யாருக்குப் போட்டிருப்பாள் என்பதில் அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

கைதட்டல். என் கணவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கள்ள வாக்குக்கூட விழாத தேர்தல் இது என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் முதலில் நான் யாருக்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன்பு என்றால் சொல்லியிருப்பேன். அந்த ரோசம் அதற்குள் எங்கே போனதோ தெரியவில்லை.

செந்தில்நாதன் பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கமாக வந்தார். முகத்தில் ஒரு புண்ணியம் செய்த களை.

"பயப்படாதீங்க அக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நல்ல பிள்ளை. மனசார எனக்கு உதவி செய்திருக்கிறது. நன்றி என்று சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல?

பிறகு குசினிக்குள் போய்ப் பெரிய கேத்தலை அடுப்பில் வைத்தேன். நூறு பேருக்கு மேல் தேத்தண்ணிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.